ஈப்பிடிப்பானின் தொண்டை

சிவப்புப் பெயிண்ட் அடித்த மரத்தடிக்கு வந்ததும் வேணி தன் கைக்கடிகாரத்தை அழுத்துகிறாள். இனி அது ஒலிக்கும் வரை பேச்சு கிடையாது, அசைவு கிடையாது. காதில் விழுகிற பறவையையும் கண்ணில் படுகிற பறவையையும் மனசில் வாங்கிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். நேரம் முடிந்ததும் நான் பெயர்களைச் சொல்ல வேண்டும், அவள் எழுதிக்கொள்வாள், பிறகு அடுத்த மரம். பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று இருக்கும். என் மகன் ஆல்வினே சின்ன வயசில் கேட்டிருக்கிறான், அம்மா நீ காட்டுக்குப் போய் என்ன செய்வ என்று. நிப்பேன் என்றேன். நின்னு? கேப்பேன். கேக்கிறதுக்கா சம்பளம் தர்றாங்க என்று சிரித்தான். கேட்பதற்குத்தான் சம்பளம். வால்பாறையைச் சுற்றித் தேயிலைக்கு நடுவே வெட்டாமல் விட்டு வைத்த மழைக்காட்டுத் துண்டுகளில் எந்தப் பறவை இருக்கிறது, எது போய்விட்டது என்று வருஷா வருஷம் பார்த்துச் சொல்கிற வேலை. வேணியும் நானும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம், தலை நரைக்கிற வரை ஒன்றாகத்தான் நின்றுகொண்டிருக்கிறோம். இன்றைக்கு முழங்கால் இரண்டும் விண்விண் என்று தெறிக்கிறது. நேற்றுப் பெய்த கோடை மழையில் காடு ஊறிப்போய்க் கிடக்கிறது, காலுறையின் மேல் ஒரு அட்டை நுனியைத் தூக்கித் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டு ஏறுகிறது, குனிந்து தட்டிவிடலாம், தட்டினால் அசைவு, சரி ஏறட்டும், எவ்வளவு குடித்துவிடப் போகிறது. தூங்கி எழுந்தும் அலுப்புப் போகாத அலுப்பு இது. கொஞ்ச நாளாக எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து எழுந்தாலும் மூட்டை தூக்கியது மாதிரி இருக்கிறது. பேச்சைக் கேட்பதற்கே தெம்பு வேண்டியிருக்கிறது. வயசு என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்த மரத்தடிக்கு வருவதற்குத்தான் எனக்கு மனசே இல்லை. கீழே ஓடை, ஓடை ஓரம் பிரம்புப் புதர், பகலிலும் அந்தி மாதிரி இருட்டு. அங்கேதான் நீல ஈப்பிடிப்பான் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற குருவி. ஆணுக்கு உடம்பெல்லாம் கருநீலம், வயிறு மட்டும் வெள்ளை, பெண்ணுக்குத் தொண்டையில் ஆரஞ்சு. ஒரு குச்சியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், பூச்சி பறந்து வந்தால் ஒரு எட்டு எட்டிப் பிடித்துக்கொண்டு அதே குச்சிக்குத் திரும்பிவிடும். வேலை முடிந்த மாதிரியும் இருக்காது, ஆரம்பித்த மாதிரியும் இருக்காது. அந்த இருட்டில் அதன் நீலம் கறுப்பாகத்தான் தெரியும், அதனால் கண்ணால் தேடிப் பிரயோஜனமில்லை, பாட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டு என்றால் பெரிய பாட்டு இல்லை. மெல்லிய கம்பியைப் பல்லில் வைத்து இழுத்த மாதிரி, மேலே மேலே போய் நூலாகி அறுந்துவிடும். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இங்கே நின்று நின்று பார்த்தேன், ஒரு நூல் கூட இல்லை. வேணி அப்போது உடன் இல்லை, முதல் வருஷம் அவளுக்கு டைபாய்டு, அடுத்த வருஷம் மகள் பிரசவத்துக்குப் பொள்ளாச்சி போய்விட்டாள். நான் தனியாக நின்றேன், இல்லை என்று சொன்னேன். கோயம்புத்தூரில் ஒரு கூட்டத்தில் மேடையேற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். தேயிலைக்காரர்கள் ஓடை ஓரத்துப் புதரைச் சுத்தம் பண்ணினதில் பூச்சி போயிற்று, பூச்சி போனதும் குருவி போயிற்று, அந்தக் காடு ஊமையாகிவிட்டது என்று சொன்னேன். முன் வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். காடு ஊமையாகிவிட்டது. சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புதர் இதோ அப்படியே இருக்கிறதே, வெட்டின இடத்தில் துளிர்த்து முன்னைவிட அடர்த்தியாக. பூச்சியும் இருக்கிறது, முகத்தைச் சுற்றிக் கொசு மாதிரி என்னவோ மொய்க்கிறது, மொய்க்கிறதே தவிர ரீங்காரம் இல்லை. ரீங்காரம் ஏன் இல்லை. சிள்வண்டும் இந்த வருஷம் குறைவு. இந்த மாசத்தில் வெயில் ஏறினால் காடே அதிரக் கத்த வேண்டும். நேற்று ஜீப்பில் வரும்போது இதைச் சொன்னேன், வேணி முகத்தைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நேற்று மத்தியானம் அவள் பையிலிருந்து பஞ்சு எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாளே, சளி பிடித்திருக்கிறது போல என்று நினைத்தேன். சளிக்கு யாராவது உச்சி வெயிலில் பஞ்சு வைத்துக்கொள்வார்களா. வேண்டாம். இந்த யோசனைப் பக்கம் போக வேண்டாம். மலை இருவாட்சி ஒன்று மேலே இறக்கையடித்துப் போகிறது, ரயில் எஞ்சின் மாதிரி அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கிறது. குக்குறுவான் கூவுவது கேட்கிறது. தூரத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் ஓடுவது கூடக் கேட்கிறது. அப்புறம் என்ன.

அப்பா அந்த மெஷின் பக்கத்தில்தான் காலம் பூராவும் நின்றார். இலையை உருட்டுகிற மெஷின். சவரிமுத்து என்றால் எஸ்டேட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது, செவிட்டு முத்து என்றால்தான் தெரியும். முழுச் செவிடு இல்லை, அதுதான் பாவம். கொஞ்சம் கேட்கும், மீதியை முகத்தைப் பார்த்து ஊகிப்பார், ஊகம் தவறினால் சிரித்துச் சமாளிப்பார். நாங்கள் அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசினோம். அண்ணன் அவர் உட்கார்ந்திருக்கும்போதே, கிழவரை எங்கே வைத்துக்கொள்வது என்று அண்ணியிடம் கேட்டான், அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினார், நல்ல விஷயம் ஏதோ பேசுகிறார்கள் என்கிற மாதிரி. அந்தத் தலையாட்டல்தான் எனக்கு ஆகாது. கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கடைசி நாட்களில் குரல் மூச்சாகிவிட்டது, அப்பாவைக் கையசைத்துக் கூப்பிட்டு அவர் காதில் என்னவோ சொன்னாள். அவர் குனிந்து கேட்டு, பெரிய சம்மதம் கொடுக்கிற மாதிரி மெதுவாகத் தலையாட்டினார், அவள் கையைத் தடவினார். நான் கால்மாட்டில் நின்றிருந்தேன், எனக்குக் கேட்டது. குளிருது, இழுத்து விடுங்க என்றாள். கம்பளி முழங்காலுக்குக் கீழே சுருண்டு கிடந்தது. நான்தான் போர்த்தினேன். வெளியே வந்து அப்பா கேட்டார், அம்மா என்ன சொன்னா எஸ்தர்? வேளைக்குச் சாப்பிடச் சொன்னாங்க என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒரு வேளை கூடச் சாப்பாட்டைத் தவிர்க்கவில்லை. அப்பா மாதிரி எனக்கு மெஷின் சத்தம் இல்லை. நான் காட்டில் நின்றவள். வாழ்நாளெல்லாம் அமைதியில் நின்றவளுக்கு எப்படி வரும். வராது. ஆனால் அப்பாவின் அக்காவுக்கும் அப்படித்தான் என்பார்கள், அவர் கொழுந்து பறித்தவர், மெஷின் பக்கமே போகாதவர்.

பிரம்புக் குச்சியில் ஒரு புள்ளி இருக்கிறது. முன்பே இருந்ததா, இப்போதுதான் வந்ததா. இலை என்று நினைக்கிறேன். இலை எழும்பி ஒரு வட்டம் போட்டுத் திரும்ப உட்காருகிறது. இலை திரும்ப வந்து உட்காராது. மூச்சை அடக்கிக்கொண்டு பைனாகுலரை மெல்ல, மிக மெல்லத் தூக்குகிறேன், கண்ணாடிக்குள் இருட்டு ஆடுகிறது, பிரம்பு முள், பாசி, ஒரு கிளை, அங்கே. வெள்ளை வயிறு. அதன் மேல் நீலம், ஒரு சின்ன வெளிச்சம் மேலே இருந்து ஒழுகி அதன் தோளில் விழுந்திருப்பதால் கறுப்பு இல்லை, நீலமேதான். ஆண். போகவில்லை, செத்துப்போகவில்லை, இங்கேயேதான் இருக்கிறது. என் உடம்பு முழுவதும் என்னவோ இளகுகிறது, கத்த வேண்டும் போல் இருக்கிறது, வேணி கையைப் பிடித்து அழுத்த வேண்டும் போல் இருக்கிறது. அப்போதுதான் அது அலகைத் திறக்கிறது. தலையைக் கொஞ்சம் அண்ணாந்து அலகைத் திறக்கிறது, தொண்டை இறகு சிலிர்க்கிறது, சிலிர்த்துத் துடிக்கிறது, வால் கூட லேசாக அதிர்கிறது, மூடுகிறது. மறுபடி திறக்கிறது. தொண்டை துடிக்கிறது. பூச்சியை விழுங்குகிறதா. இல்லை, விழுங்கும்போது அலகு மூடியிருக்கும். கொட்டாவியா, குருவி கொட்டாவி விட்டு நான் பார்த்திருக்கிறேன், அது இப்படி இருக்காது. மறுபடியும். முழு உடம்பையும் போட்டுப் பாடுகிறது. அது பாடுகிற இடத்திலிருந்து என் காது வரை ஒன்றுமே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்று பேசுகிற மாதிரி. இருவாட்சி போன சத்தம் கேட்டதே, மெஷின் கேட்கிறதே, ஓடை கேட்கிறதே, இது மட்டும் ஏன். நான் பைனாகுலரை இறக்காமல் ஓரக்கண்ணால் வேணியைப் பார்க்கிறேன். அவள் குருவியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அப்படியானால் அவளுக்குத் தெரியும். கடிகாரம். இந்தக் கடிகாரம் முன்பு என் கையில்தான் இருந்தது, வார் அறுந்துவிட்டது, சரிபண்ணித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டாள், திருப்பித் தரவேயில்லை. அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் நேரம் முடிந்ததும் என் முழங்கையைத் தொடுவாள். பிரியம் என்று நினைத்தேன், கடிகாரம் அப்போது கீச்சென்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது, அந்த மாதிரி மெல்லிய கீச்சுச் சத்தம்தான் எனக்கு விழுவதில்லை. ஊரில் எல்லாரும் சமீபமாக வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்று நான் எத்தனை பேரிடம் குறைப்பட்டிருக்கிறேன். சொல்லின் நடுப்பகுதி மட்டும் வரும், ஓரம் எல்லாம் தேய்ந்துபோய் வரும். தேய்ந்துபோய். ஐயோ ஆல்வின். இதை நினைக்கக் கூடாது என்று இத்தனை நாளாக எங்கெங்கோ சுற்றிப் போனேன், கடைசியில் இங்கேயே வந்து நிற்கிறேன். தை மாசம், சாயங்காலம், திருப்பூரிலிருந்து ஆல்வின் போன் பண்ணினான். அவன் மனைவி ஷீபாவுக்கு அப்போது நாள் தள்ளிப்போயிருந்தது, இன்னும் கொஞ்சம் பெரிய வீடாகப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேரும் அலைந்துகொண்டிருந்தார்கள். அம்மா என்றான், கலைஞ்சிருச்சும்மா என்றான். எனக்கு அது கெடச்சிருச்சும்மா என்று விழுந்தது. வீடு கிடைத்துவிட்டது. சந்தோஷம்ப்பா, கர்த்தர் நல்லது செஞ்சார் என்றேன். கர்த்தர் நல்லது செஞ்சார். அலோ, அலோ என்றேன், வெச்சிட்டான். மறுநாள் ஷீபாவின் அம்மா போன் பண்ணி அழுதபோதுதான் தெரிந்தது. டவர் சரியில்ல, வேற மாதிரி விழுந்துச்சு என்று சொன்னேன், எல்லாரிடமும் சொன்னேன், ஆல்வினிடமும் சொன்னேன். பரவால்லம்மா என்றான். அதிலிருந்து அவன் என்னிடம் எதையும் முழுதாகச் சொல்வதில்லை, சாப்ட்டியாம்மா, மழையாம்மா, வெக்கட்டாம்மா. டவர் என்று நானும் நம்பினேன். எங்கள் வீட்டு வாசலில் டவர் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

குருவி இன்னும் அங்கேயே இருக்கிறது. அலகைத் திறந்து மூடுகிறது. காடு ஊமையாகவில்லை, உன் காதுதான் போயிற்று, அப்படியானால் நல்லதுதானே எஸ்தர், குருவி பிழைத்திருக்கிறதே, இரண்டில் ஒன்று போக வேண்டுமென்றால் காது போகட்டுமே என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். மனசு ஒட்டவில்லை. இப்படிச் சொல்வதற்கு வேறு யாராவது, மேடையில் நிற்கிறவர்கள் சரிப்படுவார்கள். எனக்கு இந்தக் காதை விட்டால் வேறு என்ன இருக்கிறது. கொழுந்து பறிக்கப் போக முழங்கால் இல்லை. இப்போது நேரம் முடியும், வேணி முழங்கையைத் தொடுவாள், நான் பெயர்களைச் சொல்ல வேண்டும். குக்குறுவான், இருவாட்சி, நீல ஈப்பிடிப்பான் என்று வரிசையாகச் சொல்லிவிட்டால் போதும். பொய் இல்லை, இருக்கிறது, பார்த்தேன். காதில் விழுந்ததா கண்ணில் பட்டதா என்று அவள் கேட்டால்தான். கேட்க மாட்டாள். இத்தனை நாள் கேட்காதவள் இன்றைக்கா கேட்கப் போகிறாள். அடுத்த வருஷமும் இப்படியே போகலாம், அவள் தொடுவாள், நான் சொல்வேன், அவள் தலையாட்டுவாள், நான் தலையாட்டுவேன்.

முழங்கையில் அவள் விரல் படுகிறது. நான் குக்குறுவானைச் சொல்கிறேன், இருவாட்சியைச் சொல்கிறேன், இன்னும் இரண்டு மூன்று பெயர் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். பிறகு நீல ஈப்பிடிப்பான் என்று சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். அவள் பென்சிலும் நிற்கிறது. குரல் எனக்கே அந்நியமாக வருகிறது.

"பாடுச்சா வேணி?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "பாடுச்சு. நாம வந்து நின்னதுல இருந்து பாடிட்டேதான் இருக்குது."

"எனக்குக் கேக்கல."

"தெரியும்."

தெரியும் என்கிற அந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு கோபம் வரும் என்று நான் நினைக்கவில்லை. எத்தனை நாளாகத் தெரியும், தெரிந்து வைத்துக்கொண்டு கூடவே நடந்தாயா, முழங்கையைத் தொட்டுத் தொட்டு என்னைக் கூட்டிக்கொண்டு திரிந்தாயா, கிழவியைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிற மாதிரி என்று என்னென்னவோ கேட்டேன். காட்டில் இப்படிப் பேசவே கூடாது, குருவி எழும்பிப் போய்விட்டது. வேணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரு வேரில் உட்கார்ந்தாள். போன வருஷமே சந்தேகமாம், மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்த பிறகு உறுதியாயிற்றாம். சிள்வண்டு அவளுக்குத் தலையைப் பிளக்கிறதாம், நான் குறைவு என்று சொன்னபோது என்ன சொல்வது என்று தெரியவில்லையாம். இந்த மரத்தடிக்கு வரட்டும், இங்கே குருவி இருந்தால் எப்படியும் தெரிந்துவிடும், அதுவே சொல்லட்டும் என்று இருந்தாளாம். அவள் கண்ணும் சோர்ந்துதான் இருந்தது. இத்தனை நாள் இரண்டு பேர் கேட்க வேண்டியதை அவள் ஒருத்தியே கேட்டிருக்கிறாள், அது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கோணும்," என்றாள். "சொன்னா நீ வேலைய விட்டுருவ. நீ வரலைன்னா நானும் வரமாட்டேன். அவ்வளவுதான் எஸ்தரு, வேற ஒண்ணுமில்ல."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அட்டை இதற்குள் முழங்காலுக்கு மேலே ஏறித் திரண்டிருந்தது, வேணி அதை நகத்தால் நெம்பி எடுத்து எறிந்தாள். அந்த இரண்டு வருஷமும் குருவி இங்கே இருந்திருக்கும், ஆபீசில் சொல்லித் திருத்த வேண்டும் என்றேன். சாயங்காலம் போய் இரண்டு பேருமாகச் சொல்லலாம் என்றாள். காது டாக்டரைப் பார்க்கப் பொள்ளாச்சிக்கு எப்போது போவது என்றும் அவளே முடிவு பண்ணினாள், நான் மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பில்லை. கோபம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை, சுமந்து வந்த எதையோ யாரோ வாங்கிக் கீழே வைத்த மாதிரி இருந்தது, ஆனால் தோள் வலி அப்படியே இருந்தது. எழுந்து நடந்தோம். அடுத்த மரம் மேட்டுக்கு அந்தப் பக்கம், மேட்டில் காடு முடிந்து தேயிலை தொடங்குகிறது, அங்கே போனுக்கு நன்றாக டவர் கிடைக்கும்.

மேட்டில் வேணியை நிற்கச் சொன்னேன். ஆல்வின் எண்ணை அழுத்தினேன். அவன் வேலை நேரம், எடுக்க மாட்டான் என்று பாதி ஆசையாக இருந்தது, எடுத்துவிட்டான். பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல், அதற்கு மேலே அம்மா என்பது மட்டும் புரிந்தது. எப்படி ஆரம்பிப்பது. "காட்டுல ஒரு குருவியப் பார்த்தேன்ப்பா," என்றேன். "பக்கத்துலயே உக்காந்து பாடுச்சு. எனக்குக் கேக்கல." அவன் ஏதோ கேட்டான். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் முடியாது. "அன்னைக்கு நீ சொன்னதும் கேக்கலப்பா. டவர் இல்ல. என் காது. நீ கலைஞ்சிருச்சுன்ன, எனக்குக் கெடச்சிருச்சுன்னு விழுந்துச்சு, வீடு கெடச்சிருச்சுன்னு நெனச்சேன்." இரைச்சல் குறைந்தது, அவன் நடந்து வெளியே வந்திருக்க வேண்டும். பிறகு பேசினான், நீளமாக, மெதுவாக. குரல் அவனுடையதுதான், ஏற்ற இறக்கம் தெரிகிறது, சொல் எதுவும் கையில் சிக்கவில்லை. சரிப்பா என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். சொல்லவில்லை.

"கேக்கலப்பா, இரு," என்று சொல்லிப் போனை வேணியிடம் கொடுத்தேன்.

அவள் காதில் வைத்து ம், ம் என்று கேட்டாள். முகத்தைத் தேயிலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்துப் போனைக் காதிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தாள்.

"அன்னைக்குச் சொன்னத இன்னொருக்கா சொல்லட்டுமான்னு கேக்குறான்," என்றாள்.

"சொல்லச் சொல்லு," என்றேன். "நீ கேட்டு எனக்குச் சொல்லு."